ஆப்பிள் மசியலில் எண்ணெய்

யோம் கிப்பூர் நோன்பை ஆன்ட்வெர்ப்பின் யூதத் தெருக்கள் எல்லாம் அன்று இருட்டியதுமே முடித்துக்கொண்டன. பிரைண்டலின் மூத்த மகள் ஸிஸல் மட்டும் முடிக்கவே இல்லை. முதலில் ரொட்டியை ஒதுக்கினாள், பிறகு மீனை, பிறகு சூப்பை. எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா வந்தபோது, சர்க்கரை போடாத ஆப்பிள் மசியல் ஒன்றுதான் அவள் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழு வயதுப் பெண்ணின் மேல்கையை பிரைண்டலால் ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிட முடிந்தது.

பண்டிகையோ எண்ணெய்ப் பண்டிகை. துருவிய உருளைக்கிழங்கில் தட்டிய லட்கே அடை வாணலியில் சீறியது. ஜாம் அடைத்த டோனட்டுகள் தட்டில் குவிந்தன. ஸிஸல் டிசம்பர் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, மூக்கை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

விளக்கேற்ற வந்த பிரைண்டலின் நாத்தனார் ஹாயா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, திரி மாதிரி ஆயிட்ட? காத்தடிச்சா அணைஞ்சிடுவ போலிருக்கே! இந்தா, ஒரு டோனட் தின்னு."

ஸிஸல் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். கத்தியால் நறுக்கி நறுக்கித் தூளாக்கினாள். ஒரு பொடிகூட வாய்க்குப் போகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாங்க," என்றாள் பிரைண்டல், சமையலறையில் கணவனிடம்.

"பண்டிகை முடியட்டும்," என்றான் ஆன்ஷல். "வெளிய தெரிஞ்சா இவளுக்கு மட்டுமில்ல, தங்கச்சிங்களுக்கும் வரன் வராது. நம்ம ஜனங்க வாயைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

மறுநாள் ஆப்பிள் வெந்துகொண்டிருந்தபோது பிரைண்டல் அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கிளறினாள். ஸிஸல் சூட்டோடு சாப்பிட்டாள். கிண்ணம் காலியானது. அடுத்த நாள் பிரைண்டலின் கை தாராளமானது. மகள் ஸ்பூனை வாயில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

பிறகு ஒரு மாலை, ஸிஸலின் தோழி போனில் கூப்பிட்டாள். பேசிவிட்டு வருவதற்குள் கிண்ணம் ஆறிப்போயிருந்தது. மசியலின் மேல் மஞ்சள் பொட்டுகளாக எண்ணெய் மிதந்தது.

"அம்மா, இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் இல்லடி..."

"எத்தனை நாளா?"

ஸிஸல் கத்தவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இது ஒண்ணைத்தாம்மா பயப்படாம சாப்பிட்டுட்டிருந்தேன்."

அதன் பிறகு அவள் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். கடைசி நாள், எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருக்க, நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

"முகத்துல தண்ணி தெளி, சரியாயிடும்," என்றான் ஆன்ஷல், தெருப்பக்க ஜன்னலை மூடிக்கொண்டே. "இப்ப ஆம்புலன்ஸ் வந்தா தெருவே பார்க்கும், பிரைண்டல்!"

"பார்க்கட்டும்! கல்யாணம் பண்ணிக்கொடுக்கப் பொண்ணு உயிரோட வேணாமா?"

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். தூக்க முடிந்ததே அவளை நடுங்கவைத்தது. வாசலில் பலகாரத் தட்டுகளோடு போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸிஸலின் மூக்கு வழியாகக் குழாய் செருகினார்கள். பிழைப்பாள் என்றோ மாட்டாள் என்றோ டாக்டர் சொல்லவில்லை. ஆன்ஷல் பின்னாலேயே வந்து, உள்ளே நுழையத் தைரியமில்லாமல் கதவருகே நின்றான்.

"நீ போம்மா," என்றாள் ஸிஸல், சுவரைப் பார்த்தபடி. "உன்னைப் பார்க்கவே பிடிக்கல."

"பார்க்க வேணாம்," என்றாள் பிரைண்டல். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.