செத்தவனுக்கு ஏது பிள்ளை?

மக்காச்சோளம் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் யோலாந்து அந்தக் குண்டைப் போட்டாள்.

"ஒவிலா மாமா துணியை இழுக்க முடியாது ஜினெத். என் அண்ணன் இழுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாண்ட்ரியாலிலிருந்தும் எல்லை தாண்டியும் ரிவார் குடும்பம் மொத்தமும் கோயில் மைதானத்துக்கு வந்திருந்தது. இந்த ஊர்க் காட்டை முதலில் வெட்டிக் குடியேறிய ஒனெசிம் ரிவாருக்கு நினைவுக்கல் நட்டிருக்கிறோம். அவர் வம்சத்தில் மூத்தவர் அதை மூடியிருக்கும் துணியை விலக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூத்தவர் என் அப்பா ஒவிலா. அதற்காக நீலக் கோட்டைத் தேய்க்கச் சொல்லி ஒரு வாரமாக என் உயிரை எடுத்திருந்தார்.

யோலாந்து குடும்பச் சங்கத்தின் செயலாளர், தூரத்துச் சொந்தம். கோயில் பதிவேட்டின் படத்தைத் தன் டேப்லெட்டில் காட்டினாள். "உங்க வரிசை செஃபிரேன்லேர்ந்து வருது. ஒனெசிம் பையன் செஃபிரேன் ரெண்டு வயசுல அடக்கம். செத்தவனுக்கு ஏது பிள்ளை?"

"எங்க செஃபிரேன் கல்யாணப் பதிவுல அப்பா பேரு ஒனெசிம்னு இருக்கே."

"ஊர்ல மூணு ஒனெசிம் இருந்தாங்க. அம்மா பேரு மரி. மரி இல்லாத பொம்பளை யாரு? மீதியெல்லாம் மை ஊறிப்போச்சு."

அது உண்மைதான். எங்களில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஆண் என்றால் முதல் பெயர் ஜோசப், பெண் என்றால் மரி. நடுவில் ஞானத்தகப்பன் பெயர். கடைசியில் வருவதுதான் வீட்டில் கூப்பிடுவது. "ஜோசப்" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதி ஊர் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து சோளத்துக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மெல்லக் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு கை வெளியே வந்ததும் நிறுத்தினார்.

"ரெண்டு வயசுல செத்தா என்ன? நான் ஒரு வயசுலயே செத்தவன்."

கிழவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா என்பதுபோல யோலாந்து என்னைப் பார்த்தாள்.

"வெயில் இல்லம்மா. கோயில் பின்னால போய்ப் பாரு, கல்லுல என் பேரு இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குட்டிக் கல்லறையை ஒவ்வொரு நவம்பரிலும் துடைப்பவளே நான்தான். ஒவிலா ரிவார், அப்பாவின் அண்ணன், ஒரு வயதில் காய்ச்சலில் போனவன். அடுத்துப் பிறந்தவர் அப்பா, அதே பெயரை அவருக்கு வைத்தார்கள். எங்கள் வீடுகளில் பெயர் பிள்ளையோடு புதைவதில்லை, அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"பக்கத்தைத் தள்ளு யோலாந்து. அவன் செத்த அடுத்த வருஷப் பக்கத்துக்குப் போ" என்றேன்.

"ஜோசப், ஜோசப், இதுவும் ஜோசப்..."

"கடைசிப் பேரைப் படிடி."

சோளம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"ஜோசப் எல்ஸேயார் செஃபிரேன்." யோலாந்தின் விரல் நின்றுவிட்டது. "அப்பா ஒனெசிம், காட்டை வெட்டினவரேதான். செத்த பையனுக்கு நின்ன எல்ஸேயார்தான் இவனுக்கும் ஞானத்தகப்பன். மத்த ரெண்டு ஒனெசிம் வீட்டுலயும் செஃபிரேனைத் தேடித் தேடி என் கண்ணே போச்சு. இங்கதான் இருந்திருக்கான்."

அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். சோளத்துக்குத் தடவி என் கையில் மிச்சமிருந்த வெண்ணெய் அவள் சட்டை முழுக்க ஒட்டியது. அவள் திட்டவில்லை, அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ வயலினை எடுத்துவிட்டார்கள்.

அப்பா கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு துணியின் கயிற்றைப் பிடித்தார். கல்லுக்குப் பக்கத்தில் யோலாந்து வரைந்த வம்ச மரம் தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் அண்ணன் இதுல இல்லையே."

"வம்சம் இல்லாத பிள்ளைங்களைப் போடலை மாமா."

"போடு. என் பேரை ரெண்டு தடவை எழுது. முதல்ல அவன்."

அவள் எழுதி முடிக்கும்வரை அப்பா கயிற்றை இழுக்கவில்லை.