இருபத்தைந்து யு.பி.

டெனிஸ் அண்ணன் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் மதியம், அவர் மனைவி, மேல் வீட்டு அருள்மேரி அண்ணி, என்னைக் கூப்பிட்டாள். சமையலறையைக் கழுவும்போது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர் கிடைத்ததாம். மூடி திறக்காதது.

"குப்பைல போட்டா தெருவே பேசும், சாலமன். நீயே எங்கயாவது ஊத்திடு."

டெனிஸ் அண்ணன் குடித்த அதே பிராந்தி. கடையிலிருந்து வரும் வழியிலேயே நகத்தால் லேபிளைச் சுரண்டிவிடுவார். லேபிள் போனால் அது வெறும் பாட்டில்தான் என்பார். இதை மட்டும் சுரண்டவில்லை. அதில் 25 யு.பி. என்று இருந்தது. பக்கத்திலேயே 42.8 சதவீதம் என்றும் இருந்தது.

நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு நான் சும்மா இருந்ததால், போன மாதம் அவரை மேடவாக்கத்தில் குடி நிறுத்தும் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். படிவத்தில் ஒரு கணக்கு: ஒரு நாளைக்குக் குடிக்கும் மில்லியைச் சரக்கின் ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகு. பதினைந்துக்கு மேல் வந்தால் படுக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். கீழே என்றால் வீட்டிலேயே மாத்திரை. தினம் இரண்டு குவார்ட்டர், 360 மில்லி. அவர் பையிலிருந்த காலி பாட்டிலில் சுரண்டியது போக 25 யு.பி. மட்டும் மிச்சமிருந்தது. சதவீதம் என்று 25 எழுதினேன்.

மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார்: "எவ்ளோடா எழுதின?"

"ஒன்பது."

"பாத்தியா, நான் ஒண்ணும் அவ்ளோ மோசமில்ல."

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் குளியலறையில் அவருக்கு வலிப்பு வந்தது. பக்கெட் நிரம்பி வழிவது கீழே என் அறைக்குக் கேட்டது. குளிக்கிறார் என்று நினைத்தேன். அண்ணி ஸ்கூலிலிருந்து வந்து கத்திய பிறகுதான் கதவை உடைத்தோம். அதிலிருந்து மேலே குழாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் குரல் கேட்கிறது. எவ்ளோடா எழுதின?

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே போனில் தேடினேன். யு.பி. என்றால் அண்டர் புரூஃப், சதவீதம் இல்லை. பழைய பிரிட்டிஷ் அளவு. நூறு புரூஃப் என்றால் ஐம்பத்தேழு சதவீதம் ஆல்கஹால். 25 யு.பி. என்றால் அதற்கு இருபத்தைந்து புரூஃப் குறைவு, அதாவது 42.8 சதவீதம். 360ஐ 42.8ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தேன். 15.4.

அண்ணி சிங்க்கைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டாவது நாள் ராத்திரி மாத்திரை ஒண்ணு குடுக்க மறந்துட்டேன், சாலமன். ஃபாதர்கிட்டகூட இன்னும் சொல்லல."

பேசாமல் கீழே இறங்கியிருக்கலாம். எனக்கு அது வசதி.

"மாத்திரையால இல்ல அண்ணி," என்றேன். "அவரை அட்மிட் பண்ணியிருக்கணும். நான் தப்பா எழுதினேன்." போன் திரையைக் காட்டினேன். ஒன்பதையும் சொன்னேன், பதினைந்தையும் சொன்னேன்.

போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாட்டில இங்கயே வை," என்றாள். "நாளைக்குப் பூசைக்கு வராத. இனிமே மேலயும் வராத."

கீழே வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே குழாய் திறந்தது. பக்கெட் நிரம்பியது. வழிந்தது. யாரும் மூடவில்லை.

வராதே என்றுதான் சொல்லியிருந்தாள். எழுந்து படியேறினேன்.