மதியம் இரண்டு மணிவரை ஜெயபாரதியின் குரல்

நடிகை ஷண்முகப்ரியா அடையாற்றைப் பற்றி மேடையில் பேசும்போதெல்லாம் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் குடியிருந்த ஜெயபாரதிக்குப் பேச்சு நின்றுபோனது. ஷண்முகப்ரியா பேசி முடித்ததும் ஜெயபாரதிக்குத் திரும்ப வந்தது. 2016 மார்ச்சில் இப்படி ஆரம்பித்தது. இரண்டு பேரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஷண்முகப்ரியா, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த இசக்கிமுத்துவின் மகள். புடவை விளம்பரத்தில் நின்றவரைப் பார்த்து சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் பட இயக்குநர் அவரை ஒரு வரி பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "முகம் ஓகே. குரல்ல பாத்திரக்கடைச் சத்தம் கேக்குது" என்றார். அதனால் அவருக்கு ஜெயபாரதி டப்பிங் பேசினார். படம் ஓடியது. ஓடிய படத்தின் குரலை மாற்ற எந்தத் தயாரிப்பாளருக்கும் தைரியம் வராது. பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது படங்களுக்கும் அதே குரல்தான். படப்பிடிப்பில் வசனம் மறந்துபோனால் ஷண்முகப்ரியா கண்ணில் நீரோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். சாலிகிராமத்து ஸ்டூடியோவில் ஜெயபாரதி அந்த உதட்டசைவுக்குள் காதலையோ பிரிவையோ இட்டு நிரப்புவார். இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

2015 டிசம்பரில், ஷண்முகப்ரியா கோட்டூர்புரத்தில் வாங்கியிருந்த வீட்டின் முதல் மாடிவரை ஆறு ஏறிவந்தது. இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தவரைக் கரையோரக் குடியிருப்பைச் சேர்ந்த தேவானையும் அவள் தம்பியும் தெர்மாகோல் பலகையில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய வரைபடங்களை விரித்து, ஆறு எங்கே அகலமாக இருந்தது, அந்த இடத்தில் எப்போது கட்டடம் வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேச எழுந்தார். வாயைத் திறந்ததும் ஜெயபாரதியின் குரல் வந்தது. எத்தனை லாரி சாக்கடை ஆற்றில் கொட்டப்படுகிறது என்ற விவரம் அந்தக் குரலில் தாலாட்டுபோல் இருந்தது. கூட்டம் கைதட்டியது. "மேடம், அந்த ரயில் சீன் டயலாக் ஒண்ணு வுடுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

அதே நேரம் சாலிகிராமத்தில் ஒரு மாமியார் மருமகளைத் திட்டும் வசனத்தின் நடுவில் ஜெயபாரதியின் சத்தம் நின்றது. சவுண்ட் இன்ஜினியர் பிரபு மைக்கை மாற்றினார், கேபிளை மாற்றினார், கடைசியில் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். நான்காவது தடவை இப்படி ஆனபோது, செய்திச் சேனலில் தன் குரல் ஆற்றைப் பற்றிப் பேசுவதை ஜெயபாரதியே கேட்டார். மறுநாள் ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனார்.

"நீ ஊருக்கு நல்லது பண்றே, நான் வேண்டாங்கல. அதை என் தொண்டையிலதான் பண்ணணுமா?"

"வேணும்னு எடுக்கலக்கா. வீட்ல என் குரல்தான் வருது. நாலு பேர் முன்னாடி மைக்கைப் பிடிச்சா உங்களோடது வந்துருது."

"பத்தொம்போது படம் பழகின தோஷம்" என்றார் ஜெயபாரதி. தண்ணீர் லாரிக்கு முறை வைப்பதுபோல் பேசி முடித்தார்கள். மதியம் இரண்டு மணிவரை குரல் ஜெயபாரதிக்கு. அதற்கு மேல் ஷண்முகப்ரியாவுக்கு.

எட்டு வருஷம் இந்த முறை நீடித்தது. ஆற்றைப் பற்றிய அரசு விசாரணைகளில் பெரும்பாலானவை காலை பத்தரைக்கே நடந்தன. ஷண்முகப்ரியா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மனுவை எழுதிக் கொடுத்தார், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார். திமிர் பிடித்தவர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் பேசிய மாலைக் கூட்டங்களில் அதிகாரிகள் யாரும் இல்லை. தலை நரைத்தது, சாயம் பூசுவதை விட்டுவிட்டார். ஆறு அதே கறுப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

2024இல் கரையோரம் சுவர் கட்டும் திட்டம் வந்தது. தேவானை வீடு உட்பட நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அப்புறப்படுத்துவார்கள். மக்கள் கருத்துக் கேட்பு மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். அன்று காலையில் அதைப் பதினோரு மணிக்கு மாற்றினார்கள். ஷண்முகப்ரியா போன் செய்தார்.

"இன்னிக்கு சீரியல்ல என் நாயகி சாகறா" என்றார் ஜெயபாரதி. "அறுநூத்தி நாப்பது எபிசோட் அவளுக்குப் பேசியிருக்கேன். பதினொரு மணிக்கு டேக். புது தயாரிப்பாளர் வேற ஒரு பொண்ணை வெளியில உக்கார வெச்சுண்டிருக்கார். நீ வாயத் திறக்கப்படாது."

"திறக்கல அக்கா."

கூட்டத்தில் தேவானை பேசினாள். இரண்டு நிமிடத்தில் அவளுக்கு நேரம் முடிந்தது என்றார்கள். அவள் ஷண்முகப்ரியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, சும்மா குந்திக்கினு கீற? டப்பிங் ஆள் லீவா?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷண்முகப்ரியாவும் சிரித்தார். பதினொன்று இருபதுக்கு எழுந்து மைக்கைப் பிடித்தார். பத்தொன்பது நிமிடம் பேசினார். சுவர் எழும்பினால் வெள்ளம் எந்தத் தெருக்களுக்குள் திரும்பும் என்று பெயர் பெயராகச் சொன்னார். ஆட்சேபம் பதிவானது. அடுத்த விசாரணைவரை வேலை தொடங்கக்கூடாது என்று உத்தரவானது. சாலிகிராமத்தில் நாயகி கடைசி வார்த்தைக்கு வாயைத் திறந்து, சத்தமில்லாமல் செத்துப்போனாள். வெளியில் உட்கார்ந்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஜெயபாரதி கோட்டூர்புரம் வந்தார்.

"அடிச்சிருங்கக்கா" என்றார் ஷண்முகப்ரியா.

"அடிச்சா வேலை திரும்ப வந்துடுமா?" ஜெயபாரதி ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தார். "மொபைல்ல பாத்தேன். 'கனஅடி'ங்கற எடத்துல மூச்சு வாங்கறே. என் குரல்ல எவளும் அப்படி மூச்சு வாங்கினதில்லை. எழுந்து நில்லு. முதல்லேர்ந்து படி."

வாரத்தில் மூன்று நாள் வந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வேறு வேலை வரவில்லை. இரண்டு மணிக் கெடுவைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை.

அடுத்த விசாரணை பிப்ரவரியில், காலை பத்தரைக்கு. அதிகாரி கோதண்டபாணி மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்து மூன்று ஆட்சேபங்களை முடித்தாக வேண்டும். ஷண்முகப்ரியாவின் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் எழுந்தது ஜெயபாரதி.

"சார், பேசப்போறது அவ. குரல் என்னோடது. அவ ஆரம்பிச்சா நான் பேச முடியாது, அதான் முன்னாடியே சொல்லிடறேன். அதையும் எழுதிக்கோங்கோ."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இனிஷியல் என்னம்மா?" என்றார்.

"வி."

எழுத்தர் பதிவு செய்தார்: கருத்துக் கூறியவர், இ. ஷண்முகப்ரியா. குரல், வி. ஜெயபாரதி. இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். ஜெயபாரதி உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். ஷண்முகப்ரியா பேசத் தொடங்கினார்.