அப்பா திறந்து வைத்த படம்

தன் அப்பா பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று தையல்காரர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர். கூட வந்த மகள் பஸ் ஓட்டுகிறவள். வாய்க்குப் பூட்டே கிடையாது. கப்பலேறிப் போன தச்சரின் பிள்ளையும் பேத்தியும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆலை முதலாளியே வாசலுக்கு வந்து வரவேற்றார், சாப்பாடு போட்டார்.

மகளுக்குச் சோறு இறங்கவில்லை. தச்சர் தாத்தா ஊரை விட்டதே அந்த ஆலையால்தான். இந்த முதலாளியின் தாத்தா, மூட்டை திருடியதாகச் சொல்லி ஒரு கூலியாளைத் தூணில் கட்டி அடித்துக் கொன்றார். அன்றைக்கு ஆலைக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்த தச்சர், பார்த்ததைக் கோர்ட்டில் ஏறிச் சொன்னார். வழக்கு நிற்கவில்லை. மறுவாரமே தச்சர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள்.

"பழசைக் கிளறாதேம்மா. இவரு பேரன்தானே, இவரு என்ன பண்ணாரு?" என்றார் அப்பா.

சாயங்காலம் ஊர் நூலகத்துக்குப் புதுக்கட்டடத் திறப்பு விழா. "நம்ம ஊர் ரத்தம், வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கீங்க. நீங்கதான் படத்தைத் திறந்து வைக்கணும்" என்று முதலாளி அப்பாவின் கையில் கயிற்றைக் கொடுத்தார். யார் படம் என்று அப்பா கேட்கவில்லை. இழுத்தார். துணி விழுந்தது.

முறுக்கு மீசை. கீழே பொன்னெழுத்தில்: 'ஆலை நிறுவனர், ஏழைகளின் காவலர்.'

கூட்டம் கைதட்டியது. அப்பாவின் முகம் வெளுத்தது. அப்புறம் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "இவரோட அப்பா பொழைப்பு தேடிப் போனப்போ, எங்க தாத்தாதான் வழியனுப்பி வச்சாரு" என்று முதலாளி மைக்கில் அளந்துகொண்டிருந்தார். அவள் எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள்.

"வழியனுப்பல, விரட்டினாரு! இந்தப் படத்துல இருக்கறவரு ஒரு ஆளை அடிச்சே கொன்னாரு!"

யாரோ ஒயரை உருவினார்கள். நெரிசல் பஸ்ஸில் பின்படி வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. மைக் இல்லாமலே மிச்சத்தையும் கத்தினாள். இரண்டு பேர் வந்து அப்பாவையும் மகளையும் வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"மானத்தை வாங்கிட்டியே!" என்றார் அப்பா.

"யாரு மானத்தைப்பா? அவரு மானத்தையா?"

நூலகத்தைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு அவர்கள் எதிரே வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். "அடிபட்டுச் செத்தவரோட பேத்தி நான்" என்றாள்.

மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"காலையிலேயே வந்துட்டீங்களாமே. அந்த வீட்டுலதான் சாப்பாடாமே. எங்க வீட்டுல உங்க தாத்தா பேச்சு இல்லாத நாள் கிடையாது. ஊரே வாயை மூடிக்கிட்டிருந்தப்போ வாயைத் திறந்த ஒரே ஆளு. அவரு பிள்ளை வந்தா அந்தக் கயித்தை இழுக்கணும்?"

மகள் நீட்டிய கையை இறக்கினாள். அவளும் அந்த வீட்டில் கை நனைத்தவள்தானே. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் தாத்தா கடைசியில தண்ணி கேட்டாராம்மா" என்றார், அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து. "எங்கப்பா மொண்டுகிட்டு ஓடினாராம். சொம்பைத் தட்டி விட்டுட்டாங்களாம். சாகுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

இது மகளுக்கே புதுசு. அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அந்த அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து அப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அப்பா கையெழுத்துப் போட்டார். ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்தார்கள். மறுநாள் காலையில் அந்த அம்மாவே நூலகக் கதவைத் திறந்து, படத்துக்குக் கீழே ஒன்றை ஒட்டினாள். மத்தியானத்துக்குள் கிழித்தார்கள். இன்னொன்றை ஒட்டினாள்.

தங்கள் நாட்டுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் மகளுக்கு போன் வந்தது.

"என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"ஐயோ, எங்களாலதானேக்கா?"

"உங்களால ஒண்ணுமில்ல. இப்போ நூலகத்து வெளிச்சுவர்ல ஒட்டறேன். போறவங்க வர்றவங்க நின்னு படிக்கிறாங்க. பிரதி தீர்ந்துபோச்சு, இன்னும் அனுப்பு."