சொன்னவர்: மனைவி

அகராதி அலுவலகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் 'சுத்தம்' என்ற சொல்லை உதவியாசிரியர் தலையில் கட்டினார். இரண்டு நாள் வேலை என்றுதான் அவரும் நினைத்தார். அழுக்கில்லாதது, கலப்பில்லாதது என்று இரண்டு பொருளை எழுதி மூடிவிடலாம். ஆனால் மூன்றாவது ஒன்று வழிமறித்து நின்றது. குடத்தில் சுத்தமாகத் தண்ணீர் இல்லை என்கிறோமே, அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது?

எதிர் மேசையில் சொற்பிறப்புப் பார்ப்பவர் தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார். "வடமொழியிலேர்ந்து வரும்போது அது தூய்மையோடதான் வந்துச்சு. ஒண்ணுமில்லாம போனது நம்ம வீட்டுக்கு வந்தப்புறம்தான்."

"அதெப்படி?"

"தொடைச்சுக்கிட்டே இருந்தா முதல்ல அழுக்கு போகும். அப்பவும் நிறுத்தலைன்னா உள்ள இருக்கறதும் போகும். நம்ம 'துப்புரவு' மட்டும் என்ன? துப்புரவா மறந்துட்டேன்னு சொல்றதில்லையா?"

நியாயம்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் நியாயம் செல்லாது, சீட்டுதான் செல்லும். காதால் கேட்ட வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, சொன்னவர் யார், எந்த நிலையில் சொன்னார் என்பதையும் குறிக்க வேண்டும். உதவியாசிரியருக்குச் சீட்டுப் பஞ்சமே கிடையாது. வீட்டில் மனைவி இருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினோரு பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர். சுத்தம் என்ற சொல் இல்லாமல் அவளுக்குப் பொழுதே விடியாது.

ஒரு காலையில் அந்தச் சீட்டுக்கட்டு அவள் கையில் அகப்பட்டது. உரக்கப் படித்தாள்.

"'உங்களுக்குச் சுத்தமா அறிவில்ல.' சொன்னவர்: மனைவி. நிலை: கோபம். 'இந்த மேசைய சுத்தம் பண்ண ஆள் வைக்கணுமா?' சொன்னவர்: மனைவி. நிலை: கடுங்கோபம்." கட்டைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது சீட்டு. அத்தனையிலும் கோவம். இருபது வருஷத்துல நான் ஒரு தடவகூடச் சிரிச்சதில்லையா?"

இங்கே வாயை மூடியிருந்தால் கதையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும். "சிரிக்கும்போது நீ அந்தச் சொல்லைச் சொல்லலையேம்மா," என்றார்.

அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று நாள். சாப்பாட்டுத் தட்டு டங்கென்று மேசையில் வந்து உட்காரும், அவ்வளவுதான் சேதி. திட்டு விழாத வீடு எவ்வளவு பெரிசு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பயமாகவே இருந்தது. அகராதி எக்கேடு கெட்டால் என்ன, இவள் இனிமேல் பேசாமலே இருந்துவிட்டால்?

நாலாம் நாள் விடுப்புப் போட்டார். அவள் வேலைக்குக் கிளம்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் இறங்கினார். அடுப்பு, குழாய், ஜன்னல் கம்பி எதையும் விடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கப் பேனாக் கிறுக்கல். எண்ணெய் விட்டு, சோப்புப் போட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தார்.

மாலையில் வந்தவள் அந்தக் கதவின் முன்னால் நின்றாள்.

"இதுல இருந்த ஷிஃப்ட் பட்டியல் எங்க?"

"எது?"

"அடுத்த மாசம் யார் யார் எப்ப வரணும்னு ரெண்டு வாரமா மண்டைய ஒடைச்சுப் போட்டது. வேற எங்கயும் எழுதி வைக்கல."

அவர் கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "கிறுக்கல்னு நெனச்சு..."

அவள் கதவைப் பார்த்தாள். முழங்கைவரை நுரையோடு நிற்கும் அவரைப் பார்த்தாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பழக்கதோஷம், அவர் கை சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துவிட்டது. அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

"சொல்லு," என்றார் அவசரமாக. "திங்கக்கிழமை காலையில யாரு?"

அவள் தரையில் உட்கார்ந்தபடியே சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் ஒரு கதை இருந்தது. யாருக்கு முதுகுவலி, யார் புது மாப்பிள்ளை, யாருக்குச் சுத்தமாக வேலையே ஓடாது. அந்தச் சொல் நாலைந்து முறை வந்து போயிற்று. பட்டியலைத் தவிர அவர் வேறெதையும் எழுதவில்லை. பதினோராவது ஆளும் முடிந்தபின், பேனாவை மூடிவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டார்.