சுற்றி வரும் முருகன்

டில்லிபாபு காலையிலேயே படத்தைக் கொண்டுவந்துவிட்டார். பழைய லுங்கியில் சுற்றியிருந்தது. வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன். கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு விரிசல். காலனியில் சபைக்குப் போகிற பதினோரு வீட்டுக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரே முருகன்தான். சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு எந்த வீட்டுக்கு ஆள் வருகிறதோ அன்றைக்கு அந்த வீட்டில் குடியேறுவார். ஆள் போனதும் டில்லிபாபுவின் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிவிடுவார்.

இன்றைக்கு அனிதாவின் முறை.

‘இயேசுவே இவ்வீட்டின் தலைவர்’ பலகையைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகினாள். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது. படத்தை மாட்டியும் மேலே ஒரு சாண் தெரிந்தது.

“கொஞ்சம் மேல ஏத்து பாப்பா. தலைவரு எட்டிப் பாக்கறாரு,” என்றார் டில்லிபாபு.

அனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை கைக்கு எட்டியிருந்தது. சான்றிதழ் சரிதானா என்று பார்ப்பது மட்டும்தான் பாக்கி. கிறிஸ்தவள் என்று தாலுகா ஆபீஸிலிருந்து வரும் ஆர்.ஐ. எழுதிவிட்டால் எஸ்.சி. இல்லை. எஸ்.சி. இல்லையென்றால் வேலையும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மணவூர் ஏரியில் ஞானஸ்நானத்துக்கு முங்கி எழுந்தபோது பாவமெல்லாம் போயிற்று என்றார் பாஸ்டர். போயிருக்கலாம். சாதி போகவில்லை. டவுனில் வாடகைக்கு வீடு கேட்டால் இன்றைக்கும் முதல் கேள்வி “எந்தத் தெரு?” என்பதுதான். தெருவில் கரையாத சாதி காகிதத்தில் மட்டும் கரைந்துவிடுமாம். இதை எவனிடம் போய்க் கேட்பது?

அன்றைக்குச் சபைப் பதிவேட்டில் அவள் பேரை எழுதப்போன பாஸ்டர், பேனாவை நிறுத்தி, “சர்க்கார் வேலைக்குப் படிக்கிறியாம்மா?” என்றார்.

“ஆங்.”

‘ஒரு சகோதரி’ என்று எழுதி மூடினார். அந்தப் பக்கத்தில் அப்படி ஏழு ‘ஒரு சகோதரி’, நாலு ‘ஒரு சகோதரன்’. தேவனுடைய குடும்பத்தில் அவளுக்கு இடம் இருந்தது. பேர்தான் இல்லை.

பத்தரைக்கு ஆர்.ஐ. குணசேகரன் பைக்கில் வந்தார். நரை மீசை, கக்கத்தில் ஃபைல். உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்தார்.

“குலதெய்வம்?”

“கங்கையம்மாங்க,” என்றாள் அம்மா வசந்தி. ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணியது.

“மலைக்குப் போவீங்களா?”

“ஆடிக் கிருத்திகைக்குத் தவறாம போவோங்க.”

ஆர்.ஐ. டில்லிபாபு பக்கம் திரும்பினார். “நீங்க பக்கத்து வூடா? இந்தப் பொண்ணு சர்ச்சுக்குப் போவுதா?”

“ச்சேச்சே. நான் பார்த்ததே இல்லீங்க.”

ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, பயப்படாதே தங்கச்சி என்று அவள் கையைப் பிடித்திருந்த மனுஷன். இயேசுவைத் தெரியாது என்ற பேதுருவுக்குச் சேவல் கூவியது. டில்லிபாபுவுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர்தான் விசிலடித்தது. தன் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று அனிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

வசந்தி டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், பன்னிரண்டு வருஷப் பழக்கம், டம்ளரைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்து கண்ணை மூடிவிட்டாள். உதடு அசைந்தது. ஸ்தோத்திரம்.

தொலைந்தது. அனிதா பலமாக இருமினாள். ஆர்.ஐ. பார்த்துவிட்டாரா என்று திரும்பினாள்.

அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணும் மூடியிருந்தது. டீ டம்ளருக்கு மேல் அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தவர் அனிதா பார்ப்பதைப் பார்த்தார். நாலு பேர் கையிலும் டீ; யாரும் குடிக்கவில்லை.

“கையெழுத்து போடும்மா,” என்று அவர் ஃபாரத்தை நீட்டினார். ‘நான் இந்து மதத்தைப் பின்பற்றி வருகிறேன்.’

“நீங்களும் இந்த மாதிரி போட்டீங்களா சார்?”

“ஏய், வாய மூடுடி!” என்றாள் வசந்தி.

அவர் சிடுசிடுக்கவில்லை. “பதினெட்டு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம எங்க வூட்ல எல்லாரும் சர்ச்சுக்குள்ள போவாங்க. நான் மட்டும் கேட்டுக்கு வெளிய பைக் மேல குந்திக்கினு இருப்பேன். பாட்டு மட்டும் கேக்கும்.”

பேனா அவள் விரலில் கனத்தது. ஒரே அறையில் ஒரே குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தரையொருத்தர் உறவு சொல்லிக் கூப்பிட முடியவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே தன் வண்டி நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது. போடாமல் விடலாம். விட்டால் அம்மா காலம் முழுக்கக் களை பறிக்கப் போகவேண்டும்.

போட்டாள்.

வாசலில் பைக்கை உதைத்தவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் படத்த மாத்துங்க. அந்த விரிசல மூணாவது வூட்ல பாக்கறேன். எனக்கு அப்புறம் வர்றவன் கண்ண மூட மாட்டான்.”

வண்டி போனதும் டில்லிபாபு படத்தைக் கழற்றி லுங்கியில் சுற்றினார். “செவ்வாக்கெழம மோகனப்ரியா வூட்டுக்கு,” என்றார். அனிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவரில் வெளுப்பு மட்டும் நின்றது. அனிதா பலகையை எடுத்து மாட்டப்போனாள். கை பாதியில் நின்றது. வேலையில் சேர்ந்த பிறகும் எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போடுவான், திரும்பவும் வருவார்கள். இன்றைக்கு ஒரு நாளோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு சணல் கயிற்றை எடுத்து அந்த வெளுப்பை நீளம் அகலம் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மலையடிவாரத்தில் ஃபிரேம் போடும் கடைக்கு நடந்தாள்.

“இந்த அளவுக்கு ஒரு முருகர் படம் வேணும்ணே. பின்னால ஒரு பலகை வைக்க எடம் வுடுங்க.”

கடைக்காரர் கயிற்றை வாங்கிப் பார்த்தார். “இம்மாம் பெருசா? புது வூடாம்மா?”

“பழைய வூடுதான். கண்ணாடிய மட்டும் நல்லதா போடுங்க,” என்றாள். “ரிட்டயர் ஆவற வரைக்கும் தாங்கணும்.”