எடுத்துக்கொண்டு வரவும்

ஆஸ்பத்திரியில் ஆன்லைனில் நேரம் பதிவு செய்கிறவர்களுக்குப் போகும் குறுஞ்செய்திகளை எழுதுவதுதான் அவள் வேலை. என்றைக்கு வர வேண்டும், எந்த மாடி, என்ன கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று சொந்தக்காரர்கள் வாயைக் கோணினார்கள். அண்ணன் மட்டும்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "என் தங்கச்சி எழுதினது" என்று பீற்றிக்கொள்வான்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு முதலில் நீளமாகத்தான் எழுதியிருந்தாள்: "ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள். மாத்திரையைக் கையில் கொண்டுவாருங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம்."

மேலாளர் உச்சுக்கொட்டினார். "என்னம்மா, கதை எழுதுறீங்களா? நறுக்குன்னு முடிங்க."

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நறுக்கினாள். "வெறும் வயிற்றில், மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வரவும்." எல்லாரும் பலே என்றார்கள். பாழாய்ப்போன பலே!

அந்தச் செய்தி, சர்க்கரைப் பரிசோதனைக்குப் பதிவு செய்திருந்த அண்ணனுக்கும் போனது. ரத்தம் கொடுக்க வந்தவன், வரிசையில் நின்றபடியே மயங்கிச் சாய்ந்தான். விழுந்த வேகத்தில் படி விளிம்பில் தலை இடித்தது. தகவல் கேட்டு, மாடியிலிருந்து அவள் அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

"சர்க்கரை அடியோட இறங்கிடுச்சாம். வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு வந்திருக்காரு."

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணனுக்குப் புத்தி எங்க போச்சு? சாப்பிடாம யாராவது சர்க்கரை மாத்திரை போடுவாங்களா? எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

அண்ணி போனைத் திறந்து நீட்டினாள்.

எடுத்துக்கொண்டு வரவும். கையில் எடுத்துக்கொண்டா, வாயில் எடுத்துக்கொண்டா? எழுதும்போது ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. இப்போது, அடிப்பாவி, அந்த இன்னொரு அர்த்தம்தான் முன்னால் வந்து நின்றது.

"நானும் சொன்னேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னு," என்றாள் அண்ணி. "என் தங்கச்சி எழுதினா ஒரு காரணம் இருக்கும், நீ சும்மா இருன்னுட்டாரு."

தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றார். அண்ணி அவளைத்தான் உள்ளே அனுப்பினாள்.

அண்ணன் பாதிக் கண் திறந்தான். நாக்கு குழறியது.

"நீ எழுதினபடியே... சரியா செஞ்சேன்ல?"

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"சரியாத்தாண்ணா செஞ்சே," என்றாள்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவன் திறக்கவேயில்லை.